பத்தாம் நாளில் முறியும் தீர்மானம்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையிலும், காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகவும், ஒரே வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிப்பதாகவும், கோபத்தை விட்டுவிடுவதாகவும், இரவில் கைப்பேசியைத் தொடுவதில்லை என்றும் அவர் பொருத்தனை செய்கிறார். பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ அது முறிந்துவிடுகிறது. “எல்லாம் கிருபை, நீ பிரயாசப்பட வேண்டியதில்லை” என்று ஒரு போதகர் சொல்கிறார். “முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்” என்று இன்னொருவர் எச்சரிக்கிறார். ஏழு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் நான் விசுவாசத்தைவிட்டு விலகிப்போன பின்மாற்றக்காரனா, அல்லது தொடக்கத்திலிருந்தே இரட்சிக்கப்படாதவனா, கடைசியில் கெட்டுப்போய்விடுவேனா என்பது அவர் கேள்வி.

தம்பி, ராயபுரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாலிபர்களுக்கு வேதபாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு கேட்கிறவர்கள் பெரும்பாலும் பின்மாற்றக்காரர்கள் அல்ல. பின்மாறிப் போனவனை இந்தக் கேள்வி தூங்கவிடாமல் செய்வதில்லை. ஆனால் இதைச் சொல்லி உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் தோல்விக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கண்டுபிடிக்கக்கூடிய காரணம்.

பவுலிடமிருந்து தொடங்குவோம். அவர் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் பட்டணத்துக்கு அருகே இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஓட்டமும் மல்யுத்தமும் குத்துச்சண்டையும் அங்கே உண்டு. வென்றவனுக்குக் கிடைத்தது இலைகளால் ஆன ஒரு முடி, சில நாளில் காய்ந்து உதிர்ந்துவிடுவது. அதனால்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது, “பந்தயத்திற்குப் போராடுகிற யாவரும் எல்லாவற்றிலேயும் இச்சையடக்கமாயிருப்பார்கள்” என்று சொல்லி, அவர்கள் அழிவுள்ள கிரீடத்துக்காகச் செய்வதை நாம் அழிவில்லாத கிரீடத்துக்காகச் செய்கிறோம் என்கிறார். அடுத்த வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பில் “ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்” என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது சிலம்பம் அல்ல, குத்துச்சண்டை. சிலம்பம் என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் தமிழ் வாசகனின் கண் முன்னால் ஒரு களத்தை நிறுத்த நினைத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையைத் தன் பெருமையாகக் கொண்ட வடசென்னையில் வளர்ந்த நமக்கு மூலச் சொல்லே இன்னும் நன்றாகப் புரியும். விடியற்காலையில் கடற்கரையோரம் ஓடி, கயிறு தாண்டி, நாவைக் கட்டி, எடையைக் காத்து, யாரும் கைதட்டாத நூறு காலைகளைக் கடந்த பிறகுதான் ஒரு பையன் மேடை ஏறுகிறான் என்பதைக் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வரும் வசனம்தான் உங்களுக்கு முக்கியம். “என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்” என்று நாம் வாசிக்கும் இடத்தில், ‘ஒடுக்கி’ என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்க வினைச்சொல்லின் நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துதல் என்பதாகும். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இன்னும் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அது லூக்கா 18ஆம் அதிகாரத்தில், நியாயம் கேட்டு ஓயாமல் வந்து நிற்கும் ஒரு விதவையைப் பற்றிய உவமையில், அநீதியுள்ள நியாயாதிபதியின் வாயில் வருகிறது: “இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி இவளுக்கு நியாயஞ்செய்யவேண்டும்.” அலட்டுதல் என்று நாம் வாசிப்பதும், பவுல் தன் சரீரத்துக்குச் செய்வதாகச் சொல்வதும் ஒரே வினை. அந்த விதவையிடம் பலம் இல்லை, பணம் இல்லை, சிபாரிசு செய்ய ஆள் இல்லை. அவளிடம் இருந்த குத்து ஒன்றே ஒன்று, அவள் மறுபடியும் வந்தாள் என்பது. நேற்றுத் துரத்தப்பட்டவள் இன்று வந்து நின்றாள். இயேசு அந்த உவமையைச் சொன்னதே, சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்காக.

இப்போது உங்கள் டிசம்பர் 31ஆம் தேதித் தீர்மானத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டும் கண்ணீரும் நிறைந்த ஒரு நள்ளிரவின் உயரத்தில் நின்றுகொண்டு நீங்கள் ஒரே குத்தில் எதிரியை வீழ்த்தப் பார்க்கிறீர்கள். கணக்குப் போட்டால் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். அந்த வேகத்தில் ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் கடந்து, ஜனவரி கடைசியில் லேவியராகமத்தின் பலி முறைமைகளுக்குள் நுழைகிறீர்கள். அது இரவு ஷிப்ட் வாரமாகவும் இருந்துவிட்டால் புத்தகம் மூடப்படுகிறது. ஒரு நாள் தவறியதும் ‘போயிற்று, இனி அடுத்த வருடம்’ என்று விட்டுவிடுகிறீர்கள். உங்கள் நோய் பத்தாம் நாளில் விழுந்ததில் இல்லை. பதினோராம் நாள் வராமல் போனதில் இருக்கிறது. அந்த விதவை உங்கள் மனநிலையில் இருந்திருந்தால், முதல் முறை வாசலில் தள்ளப்பட்டதும் அடுத்த பஸ்கா வரை வீட்டில் இருந்திருப்பாள்.

இனி கிருபைக்கும் பிரயாசத்துக்கும் வருகிறேன். இரண்டு போதகர்களும் வேதத்திலிருந்தே பேசுகிறார்கள், ஆனால் ஆளுக்குப் பாதி வசனம் பேசுகிறார்கள். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார்: “உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள். ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்.” அந்த ‘ஏனெனில்’ என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த வசனத்தை வாசிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தேவன் செய்கிறார், ஆகையால் நீ சும்மா இரு என்று அது சொல்லவில்லை. நீ செய், அப்போது தேவன் செய்வார் என்றும் சொல்லவில்லை. அவர் உனக்குள் செய்துகொண்டிருப்பதனாலேயே உன் பிரயாசம் வீணாகாது என்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில், கிருபையை வலியுறுத்திய பேராயர் அகஸ்டினுக்கும், மனிதன் தன் முயற்சியாலேயே நன்மை செய்ய முடியும் என்ற பெலாகியுசின் போதனைக்கும் நடந்த பெரும் வழக்கின் மையம் இதுதான். “நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்” என்று அகஸ்டின் ஜெபித்ததைக் கேட்டு, இது மனிதனைச் சோம்பேறியாக்கிவிடும் என்று பெலாகியுஸ் கொதித்தார். ஆனால் அகஸ்டினின் வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த ஜெபம் அவரைச் சோம்பேறியாக்கவில்லை. கலாத்தியரில் ஆவியின் கனியைப் பட்டியலிடும்போது அன்பில் தொடங்கும் பவுல் இச்சையடக்கத்தில் முடிக்கிறார். கனி என்பது மரம் நடப்பட்டிருக்கும் மண்ணிலிருந்து வருவது. ஆனாலும் தண்ணீர் ஊற்றாத வீட்டில் முருங்கையும் காய்ப்பதில்லை.

கடுமையான ஒழுங்கு தானாகவே பரிசுத்தத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நினைப்பதும் அதே அளவு ஆபத்தானது. இதை என் சொந்த வாழ்க்கையின் வெட்கத்திலிருந்து சொல்கிறேன். என் முப்பத்திரண்டாம் வயதில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நான்கு மணி ஜெபத்தை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. சபையில் அதற்காக எனக்கு மதிப்பும் இருந்தது. ஒரு நாள் என் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நீங்க ஜுரத்துல எழுந்திருக்காம படுத்திருந்த அந்த ரெண்டு நாள்தான் வீடு நிம்மதியா இருந்துச்சு.” தூக்கம் குறைந்த எரிச்சலை ஆறு மணிக்கு மேல் அவள் மீதும் பிள்ளைகள் மீதும் நான் கொட்டிக்கொண்டிருந்தேன், எழுந்திருக்காதவர்களை மனதுக்குள் தாழ்வாக எண்ணிக்கொண்டும் இருந்தேன். கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சரீர ஒடுக்கத்தைப் பற்றிச் சொல்வதை, அதாவது ஞானமென்ற பேர் இருந்தாலும் அது மாம்சத்தைப் பேணுவதற்கே உதவும் என்பதை, அன்றைக்குத்தான் நான் உண்மையாக வாசித்தேன். ஜெபத்தை விடவில்லை. நேரத்தை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டு, அதில் முதல் ஐந்து நிமிடத்தை முந்தின நாள் வீட்டில் நான் பேசிய வார்த்தைகளைத் தேவன் முன் வைப்பதற்கென்று ஒதுக்கினேன். அது இன்றுவரை தொடர்கிறது, நடுவில் எத்தனையோ நாட்கள் தவறியும்.

நமக்கு ஒழுங்கே வராது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நம் தெருக்களில் தண்ணீர் லாரிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் எழுந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் வரும் என்றால் இரண்டே முக்காலுக்குக் குடம் வரிசையில் நின்றது. மழையானாலும் ஜுரமானாலும் நின்றது. யாரும் அவர்களுக்கு மன உறுதியைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. வீட்டில் தண்ணீர் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மாதச் சீட்டுக்குப் பணம் கட்டுவதில் ஒரு தவணையும் தவறாத குடும்பங்களும் அப்படியே. தாவீது 63ஆம் சங்கீதத்தில், “அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்” என்று சொன்ன வாயோடு, தண்ணீரற்ற நிலத்திலே என் ஆத்துமா தாகமாயிருக்கிறது என்கிறார். அதிகாலை தாகத்திலிருந்து வந்தது. ஆகவே, “எனக்கு மன உறுதி தாரும்” என்று ஜெபிப்பதற்கு முன்னால், “என் குடம் காலியாக இருப்பதை எனக்குக் காட்டும்” என்று ஜெபியுங்கள். குடம் எங்கே காலியாக இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்: கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள், இரவு இரண்டு மணி வரை கையில் ஒளிரும் கைப்பேசி என்று எழுதியிருக்கிறீர்கள்.

நிலைத்திருத்தல் என்பதைக் குறிக்க நம் வேதாகமம் பல இடங்களில் ‘பொறுமை’ என்ற சொல்லை வைக்கிறது. அதைச் சாந்தமாகக் காத்திருத்தல் என்று நாம் குறுக்கிவிட்டோம். பொறுத்தல் என்றால் தாங்குதல். தலையில் மூட்டையோடு படியேறுகிறவன் செய்வது அது. கிரேக்கச் சொல்லும் கீழே தங்கியிருத்தல், பாரத்தின் அடியிலிருந்து விலகாமல் நிற்றல் என்ற பொருளையே தருகிறது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று ரோமர் 5 சொல்லும் வரிசையில், நம்பிக்கை கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே நம்பிக்கை பொங்கவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் நம் பட்டணத்துக்கே உரிய ஒரு மனிதரின் கதையை வாலிபர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. ஜெர்மானிய மிஷனரியான யோஹான் பிலிப் பப்ரிசியுஸ் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னைக்கு வந்தார். வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழில் வேதாகமத்தை மறுபடியும் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். நடுவே பிரெஞ்சுக்காரர்கள் 1758-59இல் சென்னையை முற்றுகையிட்டபோது பழவேற்காட்டுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து மறுபடியும் அதே மேசை, அதே வசனங்கள். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல்தான் வெளிவந்தது, அதாவது சென்னைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழித்து. இன்றைக்கு நாம் மனப்பாடமாகச் சொல்லும் தமிழ் வசனங்களின் ஓசையில் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது. ஆனால் கதையின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறர் நம்பிக் கொடுத்த பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்து வாங்கும் விவகாரங்களில் சிக்கி, பணம் திரும்பாமல் கடனாளியாகி, முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791இல் இறந்தார். முப்பது ஆண்டு ஒரு புத்தகத்தின் முன் தவறாமல் உட்காரத் தெரிந்த மனிதருக்கு, பணத்தின் பக்கம் ஒரு வாசல் திறந்தே இருந்தது. அவரைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. அவர் பட்ட பாட்டின் பலனை உண்டு வளர்ந்தவன் நான். ஆயினும் பவுல் “எல்லாவற்றிலேயும் இச்சையடக்கம்” என்று சொன்னதில் உள்ள ‘எல்லாவற்றிலேயும்’ எவ்வளவு கனமான சொல் என்பதை அவர் வாழ்க்கை எனக்குக் காட்டியது.

“தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்போலிருக்கிறான்” என்று நீதிமொழிகள் 25ஆம் அதிகாரம் முடிகிறது. மதில் என்றால் என்னவென்று நம் பகுதி அறியும். அந்த முற்றுகையில் போதிய அரண் இல்லாமல் கிடந்த கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி, சூறையாடப்பட்ட பிறகுதான், வடக்கிலும் மேற்கிலும் கோட்டை மதில் எழுப்பப்பட்டது. அதன் மிச்சம் ராயபுரத்தில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. வால்டாக்ஸ் ரோட்டின் பெயரிலும் அந்த மதில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பதும், சம்பளம் வந்த அன்றே காணிக்கையையும் வீட்டுச் செலவையும் பிரித்து வைப்பதும், கோபம் ஏறும்போது பதில் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய்விடுவதும் மதிலில் ஒவ்வொரு கல். அவற்றால் யாரும் பரிசுத்தவான் ஆகிவிடுவதில்லை. ஆனால் உள்ளே தேவன் கட்டிக்கொண்டிருப்பது கொள்ளை போகாமல் இருக்க அவை தேவை.

எவ்வளவு கட்டினாலும் விழுகிற நாள் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, மீனவர்கள் உட்கார்ந்து வலைகளைச் சரிசெய்வதைப் பார்க்கலாம். கிழிந்த வலையைக் கண்டு எந்த மீனவனும் தான் மீனவனே இல்லையோ என்று சந்தேகப்படுவதில்லை. கடலுக்குப் போன வலை கிழியும். கிழியாத வலை கரையிலேயே கிடந்த வலை. இயேசு யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது அவர்கள் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். பழுதுபார்த்தல் என்பதற்கு அங்கே வரும் அதே கிரேக்க வினைச்சொல், கலாத்தியர் 6:1இல், குற்றத்தில் அகப்பட்ட சகோதரனைச் சாந்தமுள்ள ஆவியோடே “சீர்பொருந்தப்பண்ணுங்கள்” என்ற இடத்தில் வருகிறது. கிழிந்த வலை தன்னைத் தானே தைத்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். ஏழு வருடமாக நீங்கள் தனியாகத் தீர்மானித்து, தனியாக முறித்து, தனியாக வெட்கப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் சபையில் உங்களைவிட மூத்த, கேட்டதை வெளியே சொல்லாத ஓர் அண்ணன் இருப்பார். வாரத்தில் ஒருநாள் அவரிடம் பத்து நிமிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு மனிதரின் பெயரும் இல்லாததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தந்தது.

நான் கெட்டுப்போய்விடுவேனா என்ற கடைசிக் கேள்விக்குச் சபைகள் ஒரே மாதிரி பதில் சொல்லியதில்லை. மெய்யாய் மறுபிறப்படைந்தவர்களைத் தேவன் முடிவுவரை காப்பார் என்று 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் ஆலோசனைச் சங்கம் அறிக்கை செய்தது. விசுவாசி விலகிப்போகவும் கூடும், ஆகவே விழித்திரு என்று மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்தவர்கள் போதித்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையார் ஆகியோரின் மரபுகள் ஒரே கூரையின் கீழ் வந்தன, அதனால் இரண்டு பதில்களையும் ஒரே பீடத்திலிருந்து நாம் கேட்கிறோம். நான் முதலாவது பதிலின் பக்கம் சாய்கிறவன். காரணம், லூக்கா 22ஆம் அதிகாரத்தில் பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவனிடம் சொன்னது: “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து.” குணப்பட்டால் என்று அவர் சொல்லவில்லை, குணப்பட்டபின்பு என்கிறார். அன்றிரவு பேதுரு ஜெபிக்காமல் தூங்கினான், மறுதலித்தான், மனங்கசந்து அழுதான். அவன் ஜெபம் நின்றுபோயிருந்த அந்த இரவில் அவனுக்காகச் செய்யப்பட்ட ஜெபம் நிற்கவில்லை.

ஆகவே அடுத்த டிசம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் பதினாறு அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒரு பகுதி, பத்து நிமிடம் போதும். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஷிப்டோடு கட்டுங்கள்: எந்த ஷிப்டானாலும் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். வாசித்தபின் உங்கள் மனைவியின் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம். தவறிய நாளுக்கு அடுத்த நாளில் இரண்டு பங்கு வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள், விட்ட இடத்திலிருந்து வாசியுங்கள். நாற்பது நாள் கழித்து, எத்தனை நாள் தவறியது என்று எண்ணாமல், எத்தனை முறை திரும்பி வந்தீர்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள், தம்பி. அதுவரை உங்கள் பெயர் என் ஐந்தரை மணி ஜெபத்தில் இருக்கும்.